டர்பனில் மாத மளிகை: எதை மலிவுக் கடையில் வாங்குவது, எதைப் பெரிய கடைக்கு விடுவது

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட், மெரேபேங்க் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரண்டு வகைக் கடையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பாக்ஸர், யூசேவ் போன்ற மலிவுக் கடைகள் ஒரு பக்கம்; செக்கர்ஸ், பிக் அண்ட் பே, ஷாப்ரைட், ஸ்பார் மறுபக்கம். "எந்தக் கடை மலிவு?" என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லை. "இந்தப் பொருள் எங்கே மலிவு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பதில் உண்டு. மலிவுக் கடையில் உண்மையாகவே மிச்சமாவது ஏறக்குறைய பத்துப் பொருளில்தான். அந்தப் பத்தும் கனமானவை, மாதாமாதம் தேவைப்படுபவை என்பதால் பட்டியலின் பெரும் பணம் அங்கேதான் இருக்கிறது.

மலிவுக் கடை விலையைக் குறைப்பது தந்திரத்தால் அல்ல. ஒரு பொருளுக்கு ஒன்றிரண்டு பிராண்டு, ஒன்றிரண்டு அளவு மட்டும் வைப்பார்கள். அட்டைப் பெட்டியைக் கிழித்து அப்படியே அடுக்கி விடுவார்கள். மாவு மூட்டை தரையில் பலகைமேல் நிற்கும். ஆள் குறைவு, அலங்காரம் இல்லை. அரிசி, மீலி மீல் (மக்காச்சோள மாவு), எண்ணெய், சர்க்கரை, மாவு, உப்பு, உலர்ந்த பீன்ஸ், டின் மீன், சோப்பு இவற்றுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். பாலாடைக்கட்டி, தயிர், குளிர்ந்த இறைச்சி, பிராண்டு பிஸ்கட், குழந்தை உணவு இவற்றுக்குப் பொருந்தாது. அங்கேதான் பெரிய கடை தள்ளுபடி போட்டு ஆளை இழுக்கும்.

ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது: இந்தக் கடைகள் எல்லாம் தனித்தனி எதிரிகள் அல்ல. யூசேவ், ஷாப்ரைட், செக்கர்ஸ் மூன்றும் ஒரே குழுமம். பாக்ஸரைப் பிக் அண்ட் பே 2002-ல் வாங்கியது. 2024 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் தனியாகப் பட்டியலிட்ட பிறகும் பாக்ஸரின் பெரும்பங்கு பிக் அண்ட் பேயிடமே இருக்கிறது. ஸ்பார் வேறு மாதிரி. ஒவ்வொரு ஸ்பாரும் தனி முதலாளியுடையது. அதனால் ஒரு ஸ்பாரின் விலையை வைத்து அடுத்த ஊர் ஸ்பாரை எடை போடக் கூடாது.

கிலோ விலைதான் விலை

ஒரு சின்ன நோட்டுப் புத்தகமோ, செல்போன் குறிப்போ போதும். அடிக்கடி வாங்கும் 15 பொருளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கிலோ அல்லது லிட்டர் விலையை மட்டும் குறியுங்கள். பாக்கெட் விலையைக் குறித்தால் பயன் இல்லை; அளவு மாறிக்கொண்டே இருக்கும். எல்லாக் கடை விலைச்சீட்டிலும் 100 கிராம் விலை இருக்காது, ஆகவே நீங்களே வகுக்க வேண்டும்.

கணக்குக்காக மட்டும் சில விலைகள்: சூரியகாந்தி எண்ணெய் 750 மி.லி. 28 ராண்ட் என்றால் லிட்டர் 37.33. இரண்டு லிட்டர் 68 என்றால் லிட்டர் 34. ஐந்து லிட்டர் 175 என்றால் லிட்டர் 35. பெரிய கேன் மலிவு என்று நினைத்துத் தூக்கியவர், லிட்டருக்கு ஒரு ராண்ட் கூடக் கொடுத்து, திறந்த எண்ணெயை இரண்டு மாதம் வைத்துக் காறல் வாசனையோடு முடிப்பார். இரண்டு லிட்டர் பாட்டிலில் சலுகை வரும் வாரத்தில் இந்தத் தலைகீழ் கணக்கு அடிக்கடி நடக்கும்.

எடையைப் பார்க்க வேண்டிய இடங்கள் வேறும் உண்டு. 100 டீ பேக் என்று இரண்டு பெட்டியிலும் போட்டிருக்கும். ஒன்றில் 250 கிராம் தூள், மற்றொன்றில் 200. டாய்லெட் பேப்பரில் சுருள் எத்தனை என்று எண்ணாதீர்கள், தாள் எத்தனை, ஒற்றை அடுக்கா இரட்டையா என்று பாருங்கள். பிரெட் பாக்கெட் 700 கிராமா, அதற்குக் குறைவா என்று பாருங்கள். டின்னில் பீன்ஸ் வாங்கினால் வடிகட்டிய எடைதான் கணக்கு.

உறைந்த கோழித் துண்டு தனிக் கதை. பைமேல் "பிரைன்" என்று எழுதியிருப்பது உப்புநீர். 2016 முதல் துண்டுகளில் 15% வரைதான் ஏற்றலாம் என்று சட்டம். இரண்டு கிலோ பையில் அது கால் கிலோவுக்கு மேல் வருகிறது. சட்டியில் கோழியைப் போட்டதும் தண்ணீர் விட்டு மசாலா ஒட்டாமல் போவது இதனால்தான். உப்புநீர் இல்லாத கோழியின் கிலோ விலையோடு ஒப்பிடும்போது, மலிவுப் பையின் எடையிலிருந்து அந்தப் பங்கைக் கழித்துவிட்டு வகுங்கள். வித்தியாசம் பாதியாகச் சுருங்குவதும் உண்டு.

கடைப் பிராண்டை எங்கே நம்பலாம்

ஷாப்ரைட்டில் ரைட்பிராண்ட், பிக் அண்ட் பேயில் நோ நேம். உப்பு, சர்க்கரை, மாவு, மீலி மீல், வினிகர், தீப்பெட்டி: இவற்றில் தயங்கத் தேவையில்லை. உப்பில் அயோடின் 1995-லிருந்து கட்டாயம். மீலி மீலிலும் கோதுமை மாவிலும் விட்டமின் சேர்ப்பது 2003-லிருந்து கட்டாயம். மலிவுப் பையிலும் விலை உயர்ந்த பையிலும் சட்டம் ஒன்றே. டீத்தூள், டின் மீன், பாத்திரம் கழுவும் திரவம் மூன்றிலும் முதலில் சின்ன அளவை வாங்கிப் பார்த்துவிட்டு மாறுங்கள். பாத்திரத் திரவம் நீர்த்திருந்தால் பாட்டில் பாதி நாளில் தீரும். மலிவாக வாங்கிய பயன் போய்விடும்.

பால் பவுடர் அலமாரியில் கவனம். பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறப் பையில் பால் பவுடரும் "டெய்ரி பிளெண்ட்" என்ற கலவையும், காபிக்கு மட்டும் போடும் கிரீமரும் நிற்கும். கிரீமர் பால் அல்ல. குழந்தைக்குக் கலக்கக் கூடாது.

மசாலாவுக்கு இரண்டு கடையுமே வேண்டாம். சூப்பர்மார்க்கெட் சிறு பாட்டிலில் நீங்கள் கண்ணாடிக்கும் மூடிக்கும்தான் காசு கொடுக்கிறீர்கள். வேறு வழி இல்லாவிட்டால் பாட்டிலை விட்டுவிட்டு அதே பிராண்டின் நிரப்பு அட்டைப்பெட்டியை எடுங்கள். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, வற்றல், துவரம் பருப்பு, கடலைப் பருப்பு எல்லாம் மசாலாக் கடையில் நிறுத்து வாங்குவதே சரி. காய்கறிக்கு வெஸ்ட்கிளிஃபில் வெள்ளி, சனி நடக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டோ, வார்விக் பக்கத்து விடியற்காலைச் சந்தையோ இருக்க, பிளாஸ்டிக் தட்டில் சுற்றிய நாலு வெண்டைக்காய்க்குப் பெரிய கடையில் காசு போடுவது வீண். உருளைக்கிழங்கு, வெங்காயம் 10 கிலோ பையாக எடுத்தால் மட்டும் அடியை அழுத்திப் பாருங்கள். ஈரமாகவோ நாற்றமாகவோ இருந்தால் நடுவில் ஒன்று அழுகியிருக்கிறது. வீட்டுக்குப் போவதற்குள் நாலாகும்.

வாட் இல்லாதவை

வாட் (மதிப்புக் கூட்டு வரி) 2018 ஏப்ரல் முதல் 15%. அலமாரி விலையில் அது சேர்ந்தே இருப்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். பழுப்பு பிரெட், அரிசி, மீலி மீல், சாம்ப் (உடைத்த மக்காச்சோளம்), உலர்ந்த பீன்ஸ், பருப்பு, பச்சைக் காய்கறி, பழம், முட்டை, பால், மாஸ் (புளிக்கவைத்த பால்), சமையல் எண்ணெய், டின் பில்சார்ட் மீன் இவற்றுக்கு வரி இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து கேக் மாவும் வெள்ளை பிரெட் மாவும் இதில் சேர்ந்தன. ஆலிவ் எண்ணெய்க்கு உண்டு. வெள்ளை பிரெட்டுக்கு உண்டு. சர்க்கரை, டீ, இறைச்சி, டின் தக்காளிக்கும் உண்டு.

இதனால் சமையலறையில் என்ன மாறும்? மோர்க்குழம்புக்குத் தயிருக்குப் பதில் மாஸ். டின் காட்ரா பீன்ஸுக்குப் பதில் உலர்ந்ததை ஊறவைத்து வேகவைப்பது. டின் பட்டாணிக்குப் பதில் உறைந்த பட்டாணி. வேகவைக்காமல், எதுவும் சேர்க்காமல் உறையவைத்த காய்க்கும் வரி இல்லை. புரட்டாசி மாதம் முழுக்கக் கறி தவிர்க்கும் வீட்டில் இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும். விரதம் தொடங்குமுன் ஃபிரீசரிலிருக்கும் இறைச்சியைத் தீர்த்துவிட்டால் உறைந்த காய்க்கு இடமும் கிடைக்கும்.

காம்போ, கார்டு

மாதக் கடைசியில் வரும் துண்டுப் பிரசுரத்தில் முதல் பக்கம் எப்போதும் காம்போதான், அதாவது சில பொருள்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்பது. மறுபடியும் கணக்குக்கான விலைகள்: 10 கிலோ அரிசி 160, 10 கிலோ மீலி மீல் 110, இரண்டு லிட்டர் எண்ணெய் 68, இரண்டரைக் கிலோ சர்க்கரை 60. தனித்தனியாக 398. காம்போ 359 என்றால் 39 ராண்ட் மிச்சம் என்று தோன்றும். ஆனால் மீலி மீல் உங்கள் வீட்டில் ஓடாவிட்டால், மற்ற மூன்றும் 288-க்கே கிடைத்திருக்கும். 71 ராண்ட் கொடுத்து ஒரு மூட்டை மாவை வண்டுக்கு வளர்த்தீர்கள் என்று அர்த்தம். ஆடியில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் வீடுகளுக்கு அந்த மாதம் மட்டும் இதே காம்போ லாபம்.

பிரசுரம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். குவாசுலு-நட்டால் பிரசுரமா, தேதி தாண்டவில்லையா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெரிய கடைகளில் அந்தக் கடையின் சலுகைக் கார்டு இல்லாமல் வாங்குவது நஷ்டம். செக்கர்ஸிலும் ஷாப்ரைட்டிலும் எக்ஸ்ட்ரா சேவிங்ஸ், பிக் அண்ட் பேயில் 2011 முதல் ஸ்மார்ட் ஷாப்பர், இரண்டும் இலவசம். அலமாரியில் பெரிதாகத் தெரிவது கார்டு விலை. கார்டு இல்லாதவருக்கான விலை பொடி எழுத்தில் இருக்கும். "ஏதாவது இரண்டு எடுத்தால்" என்ற நிபந்தனையும் அதே பொடி எழுத்தில்தான். ஒன்றே ஒன்று எடுத்தால் அந்த விலை விழாது. பணம் கட்டுமுன் கார்டைத் தேய்த்தீர்களா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவுக் கடையின் சாதா விலையைப் பெரிய கடையின் கார்டு விலையோடுதான் ஒப்பிட வேண்டும். பிராண்டுப் பொருள்களில் பல வாரம் பெரிய கடையே ஜெயிக்கும்.

எந்த நாள், எந்த வரிசை

25-ஆம் தேதிக்கு மேல் சம்பளக்காரர் கூட்டம். மாதத் தொடக்க நாள்களில் சாஸா (அரசின் சமூகநல அமைப்பு) தரும் உதவித்தொகை: முதலில் முதியோர், அடுத்த நாள் ஊனமுற்றோர், அதற்கடுத்து குழந்தைகள் தொகை. அந்த நாள்களில் மலிவுக் கடையில் வரிசை வாசல்வரை நிற்கும், சலுகைப் பொருள் மதியத்துக்குள் தீரும். நல்ல சலுகையும் அதே வாரத்தில்தான் வருகிறது. வழி ஒன்றுதான்: கடை திறக்கும் நேரத்துக்கே போய் நிற்பது.

சந்தை விடியலில், அடுத்து மலிவுக் கடை, கடைசியாகப் பெரிய கடை. மலிவுக் கடையில் ஒரு பொருள் தீர்ந்திருந்தால் அடுத்ததில் எடுத்துக்கொள்ளலாம், பாலும் உறைந்ததும் கடைசியில் வாங்குவதால் வீடு சேரும்வரை குளிர் போகாது. டாக்ஸியில் (பலர் சேர்ந்து போகும் வேன்) போகிறவர்கள் கட்டணத்தைப் பட்டியலோடு சேர்த்துக் கூட்டுங்கள். இரண்டாவது கடையில் 60 ராண்ட் மிச்சமாகி, போக வர 36 ஆனால் கையில் நிற்பது 24. மூட்டைக்குத் தனியாக ஓர் இடத்துக்குக் காசு கேட்டால் அதுவும் போச்சு. அப்படிப்பட்டவர்கள் அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டாரோடு சேர்ந்து ஒரே காரில் மாதம் ஒருமுறை மூட்டைச் சாமான்களை எடுத்துவருவதே மேல்.

கல்லாவில்

ஸ்கேன் ஆகும்போது திரையைப் பாருங்கள். அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் கூடுதல் விலை என்பது சலுகை முடிந்தும் சீட்டைக் கழற்றாத கடைகளில் நடப்பதுதான். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: காட்டிய விலைக்கு மேல் வாங்கக் கூடாது, இரண்டு விலை காட்டியிருந்தால் குறைந்ததுதான் செல்லும். அப்பட்டமான அச்சுப்பிழை, அதைக் கடை திருத்தி அறிவித்தும் விட்டது என்றால் மட்டும் விலக்கு. ஆகவே பெரிய சலுகைப் பொருளை எடுக்கும்போதே விலைச்சீட்டைப் போனில் படமெடுத்து வையுங்கள். கல்லாப் பெண்ணிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை, விலையை மாற்றும் அதிகாரம் அவரிடம் இருக்காது. சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அங்கும் முடியாவிட்டால் நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுக்கலாம். அதற்கு ரசீது வேண்டும். மலிவுக் கடை வாசலில் காவலாளியும் ரசீதைப் பார்த்துத்தான் விடுவார், கசக்கி எறியாதீர்கள்.

மடிப்புத் தையலில் நசுங்கிய டின், மேல் மூடி உப்பிய டின் இரண்டையும் எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். பலகைமேல் அடியிலிருக்கும் மாவுப் பையில் ஓட்டையும் ஈரக்கறையும் தேடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

மொத்தமாக வாங்கியதன் லாபம் டர்பன் புழுக்கத்தில்தான் கரைகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை பருப்பும் மாவும் வண்டு பிடிக்கும் காலம். மாவு, பருப்புப் பாக்கெட்டை வந்த அன்றே நாலு நாள் ஃபிரீசரில் வைத்தெடுத்தால் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் சாகும். எடுத்ததும் உடனே திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்தபின் திறவுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்து மாவு கட்டியாகும். பிறகு இறுக்கமான மூடியுள்ள டப்பா. 10 கிலோ அரிசியை இரண்டாகப் பிரித்து, பயன்படுத்தும் டப்பாவைத் தனியாக வையுங்கள். ஒன்றில் வண்டு வந்தாலும் மற்றது தப்பும். பழைய அரிசிமேல் புதிய அரிசியைக் கொட்ட வேண்டாம். டப்பா காலியானதும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த மூட்டையைப் பிரியுங்கள்.