இடைக்காலத் திருச்சபை ஆவணங்களில் தேதியைக் கணக்கிடுவது எப்படி

இடைக்கால ஐரோப்பியத் திருச்சபையைப் பற்றி ஆய்வேடு எழுதுபவர்கள் லத்தீனுக்குப் பயப்படும் அளவுக்குத் தேதிக்குப் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டும். ஒரு கடிதம் ஓராண்டு நகர்ந்துவிட்டால், எது காரணம், எது விளைவு என்பதே தலைகீழாகிவிடும்.

ஆவணத்தில் உள்ள தேதி வாசகத்தை அப்படியே குறிப்பேட்டில் எழுதுங்கள். கணக்கிட்ட தேதியை அதன் கீழே தனியாகப் போடுங்கள். விடையை மட்டும் எழுதிவைத்தால் பிழை எங்கே நேர்ந்தது என்று பிறகு தேட முடியாது. எண்களில் கவனம் தேவை: அவசரக் கையெழுத்தில் இரண்டைக் குறிக்கும் இரு சிறு கோடுகளும் ஐந்தைக் குறிக்கும் எழுத்தும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

அடுத்து, நாள். ரோமானிய முறையில் மாதத்துக்கு மூன்று நிலைநாள்கள். கலெண்டே 1ஆம் தேதி. நோனே 5, ஈதுஸ் 13. மார்ச், மே, ஜூலை, அக்டோபரில் மட்டும் நோனே 7, ஈதுஸ் 15. இவற்றிலிருந்து பின்னோக்கி, இரு முனைகளையும் சேர்த்து எண்ணுவார்கள். நோனே, ஈதுஸ் என்றால் நிலைநாளோடு 1 கூட்டி, கொடுத்த எண்ணைக் கழியுங்கள். கலெண்டே என்றால் முந்தைய மாதத்தின் நாள்களோடு 2 கூட்டிக் கழியுங்கள். 'மே கலெண்டேக்கு 14ஆம் நாள்' என்பது 30+2−14, அதாவது ஏப்ரல் 18. மே என்று எழுதியிருக்கிறதே என்று மே மாதத்தில் போடுவதுதான் வழக்கமான தவறு. நெட்டாண்டில் பிப்ரவரி 24 இருமுறை எண்ணப்படும். அப்போது புனித மத்தியாவின் திருநாள் 25க்குப் போகும்.

ஆண்டுதான் பெரிய பொறி. ஜனவரி 1 எல்லோருக்கும் புத்தாண்டு அல்ல. சிலருக்குக் கிறிஸ்துமஸ், சிலருக்கு மார்ச் 25, வெனிஸுக்கு மார்ச் 1, பிரெஞ்சு அரச அலுவலகத்துக்கு ஈஸ்டர். கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் கொலையுண்டது நம் கணக்கில் 1170 டிசம்பர் 29. கிறிஸ்துமஸில் ஆண்டைத் தொடங்குபவருக்கு அது 1171. பிளாரன்சும் பீசாவும் இரண்டுமே மார்ச் 25ஐக் கொண்டவை. ஆனால் பீசா நம் ஆண்டுக்கு முந்தைய மார்ச்சிலேயே தொடங்கிவிடும், பிளாரன்ஸ் அதற்குச் சரியாக ஓராண்டு பின்னால். ஈஸ்டர் முறை எல்லாவற்றையும்விட மோசம். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே நகர்வதால், ஓர் ஆண்டில் சில தேதிகள் இருமுறை வரும், வேறோர் ஆண்டில் சில வராமலே போகும். ஆகவே ஆவணத்தை எழுதியது எந்த ஊர், எந்த அலுவலகம் என்று தெரியாமல் ஆண்டைத் தொடாதீர்கள்.

திருத்தந்தையின் கடிதங்களில் பெரும்பாலும் ஆட்சியாண்டுதான் இருக்கும். சோழர் கல்வெட்டு படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. எண்ணத் தொடங்குவது தேர்வான நாளிலிருந்து அல்ல, திருநிலைப்பாடோ முடிசூட்டோ நடந்த நாளிலிருந்து. திருத்தந்தை 22ஆம் யோவான் 1316 ஆகஸ்ட் 7 அன்று தேர்வானார். செப்டம்பர் 5 அன்று முடிசூடினார். கொல்லம் மறைமாவட்டத்தை அவர், அப்போது திருத்தந்தையர் தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகரிலிருந்து நிறுவிய தேதி 1329 ஆகஸ்ட் 9. ரோமானிய முறையில் அது ஆகஸ்ட் ஈதுஸுக்கு 5ஆம் நாள் (13+1−5), ஆட்சியாண்டு 13. தேர்வான நாளிலிருந்து எண்ணுபவர் 13ஆம் ஆண்டை 1329 ஆகஸ்ட் 6 அன்றே முடித்து, இதை 1328இல் போட்டுவிடுவார். முடிசூட்டிலிருந்து எண்ணினால் 13ஆம் ஆண்டு 1328 செப்டம்பர் 5 முதல் 1329 செப்டம்பர் 4 வரை; கணக்கு சரியாக விழும்.

திருநாளை வைத்துத் தேதி சொன்னால், இன்றைய நாள்காட்டியைத் திறக்காதீர்கள். நமக்குப் புனித தோமையார் என்றால் ஜூலை 3. இடைக்கால மேற்கில் அவர் திருநாள் டிசம்பர் 21. கிரகோரியார் இன்று செப்டம்பர் 3, அன்று மார்ச் 12. பெயர் ஒன்றாக இருந்தால் ஆள் யார் என்றும் பாருங்கள்: ஹிப்போ அகுஸ்தினார் ஆகஸ்ட் 28, கான்டர்பரி அகுஸ்தினார் மே 26. எட்டாம் நாள் என்பதில் திருநாளும் சேரும்; நவம்பர் 11 மார்ட்டின் திருநாளுக்கு எட்டாம் நாள் 18, 19 அல்ல. அந்தந்த மறைமாவட்டத்தின் பழைய நாள்காட்டி கிடைத்தால் அதையே நம்புங்கள்.

கிழமையோ இண்டிக்‌ஷன் எண்ணோ இருந்தால் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். இண்டிக்‌ஷன் 15 ஆண்டுச் சுழற்சி: ஆண்டோடு 3 கூட்டி 15ஆல் வகுத்தால் வரும் மீதி, மீதி இல்லையென்றால் 15. 1329க்கு 12 வரும். ஆனால் செப்டம்பர் 1 அல்லது 24 அன்றே புது எண் தொடங்கும் இடங்கள் உண்டு. ஆண்டுக் கடைசி மாதங்களில் எண் ஒன்று கூடியிருந்தால் உடனே பிழை என்று சொல்லிவிடாதீர்கள்.

கிழமைக்குக் கணினியை அப்படியே நம்பக்கூடாது. பல நிரல்கள் இன்று நாம் பயன்படுத்தும் கிரகோரியன் நாள்காட்டியை அது பிறப்பதற்கு முன்பும் நீட்டிவிடுகின்றன. டெம்ப்ளர்கள் என்ற போர்வீரத் துறவிகள் பிரான்சில் கைதான 1307 அக்டோபர் 13 வெள்ளிக்கிழமை. அந்த நிரல்கள் வியாழன் என்று காட்டும். 1582 அக்டோபருக்கு முந்தையவற்றை அன்றைய ஜூலியன் நாள்காட்டியிலேயே விட்டுவிடுங்கள். இரு நாள்காட்டிகளுக்கும் இடையிலான நாள்களைக் கூட்டித் திருத்தவேண்டாம். ஆண்டுத் தொடக்கத்தால் வரும் வேறுபாட்டை மட்டும் இரண்டையும் சேர்த்துக் காட்டலாம்: டெம்ப்ளர் தலைவர் ஜாக் த மொலே எரிக்கப்பட்டதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் மார்ச் 18, ஈஸ்டருக்கு முன் வருவதால், 1313/14.