ஊரடங்கு வந்தால் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்

திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு ஒரு லைன் வீடு. குடியிருப்பவர்கள் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள், தேவனாம்பட்டினம் கல்லூரிப் பையன்கள், ஒரு நர்ஸம்மா. கொரோனா போல இன்னொரு நோய் வந்து, யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று அரசு சொன்னால், வீடு விட்டிருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் உத்தரவைக் கையில் வாங்கி முழுதாகப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வருவது போதாது. 2020 மார்ச் 29 அன்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை போட்ட உத்தரவு, வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்றது. வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்களும் இதில் அடக்கம். தொழிலாளர்களையோ மாணவர்களையோ வற்புறுத்திக் காலி செய்ய வைத்தால் நடவடிக்கை என்றும் சொன்னது. அந்தச் சட்டத்தின் 51-ஆம் பிரிவுப்படி, உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எல்லாருக்கும் எல்லா மாதமும் தள்ளுபடி என்று அதில் எங்கும் இல்லை. யாருக்கு, எத்தனை மாதத்துக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ், டாக்டர் குடியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அவர்களை விரட்டிய வீட்டுக்காரர்கள் அப்போது நிறையப் பேர். கேட்கவே வயிறு எரிந்தது. 2020 ஏப்ரலில் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளர் குடியிருக்கவும் வேலை பார்க்கவும் முடியாதபடி தொல்லை கொடுப்பதையும் வன்முறைக் கணக்கில் சேர்த்தார்கள். மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அப்புறம் தண்ணீர். பல லைன் வீடுகளில் மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரர் வீட்டு நடையில்தான் இருக்கும். "போ" என்று வாய் திறந்து சொல்லாமல், காலையில் மோட்டார் போடாமல் விட்டாலே குடித்தனக்காரர் மூட்டை கட்டிவிடுவார். இதுவும் சட்டப்படி தப்புதான். 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டம், தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது என்கிறது. நோய்க்காலம் இல்லாவிட்டாலும் இதே சட்டம்தான். பொதுக் கக்கூஸைப் பூட்டுவது, ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாம் இதில் அடங்கும். கைகழுவச் சொல்லும் காலத்தில் தண்ணீரை நிறுத்துவதைவிடப் பாவம் வேறில்லை.

பாக்கியை நோட்டில் எழுதுங்கள். மாதம், வாடகை, கொடுத்தது, நிற்பது என்று நாலு பத்தி போதும். ஒவ்வொரு வரியிலும் இருவரும் கையெழுத்து போடுங்கள். ஐந்நூறு கொடுத்தாலும் ரசீது கொடுத்துவிடுங்கள்.

தடை நீங்கிய பிறகும் பாக்கி நின்றால், பூட்டைத் தொடாதீர்கள். அடியாள், ஸ்டேஷனில் பஞ்சாயத்து எதுவும் வேண்டாம். முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். இரண்டு மாத வாடகை நின்றால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடச் சட்டம் இடம் தருகிறது. அங்கே எழுத்து ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். வாய்ப்பேச்சில் வீடு விட்டவர்கள் இப்போதே ஒன்று எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.