இணைய விளையாட்டில் மூழ்கிய பிள்ளையை அணுகும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ விடிய விடியக் கணினியின் முன் அமர்ந்திருக்கும் மகனைப் பற்றி உறவினர் வாய்க்கு வந்தபடி பேசத் தொடங்குமுன், அது பொழுதுபோக்கா, நோயா என்பதைப் பெற்றோர் பிரித்தறிய வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்பு, மணிக்கணக்கை மட்டும் வைத்து எவரையும் நோயாளி என்பதில்லை. கட்டுப்பாடு கைமீறுவது, மற்ற எல்லாவற்றையும் விளையாட்டு பின்னுக்குத் தள்ளுவது, கேடு கண்கூடாகத் தெரிந்தும் தொடர்வது ஆகியவை வழக்கமாக 12 மாதங்களேனும் நீடித்து, படிப்பையோ வேலையையோ குடும்ப உறவையோ கடுமையாகக் குலைக்க வேண்டும்.

அடுத்து, விளையாட்டின் போக்கைப் புரிந்துகொள்ளுங்கள். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் மிகக் கடினமான நிலையில் 20 பேர் சேர்ந்து ஓர் அரக்கனை எதிர்க்கும்போது இடையில் நிறுத்திவைக்க வழியில்லை. காயம் ஆற்றும் பொறுப்பிலிருப்பவர் எழுந்துபோனால் குழுவே மடியக்கூடும். ஆகவே, சாப்பிட வரவில்லை என்று வைஃபையை அணைப்பது (நம் வீடுகளில் இதுதான் முதல் வைத்தியம்) சண்டையைத்தான் வளர்க்கும். அதற்குப் பதிலாக, குழு கூடும் நாள்களைக் கேட்டறிந்து, வாரத்தில் இரண்டு இரவுகளை அவனுக்கு விட்டுக்கொடுத்து, உணவையும் உறங்கும் நேரத்தையும் அவனோடு பேசி முடிவுசெய்யுங்கள். ஐரோப்பியக் குழுவெனில், அங்கு குளிர்காலத்தில் பாரிஸில் இரவு 8 மணி என்பது டர்பனில் 9 மணி என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விருந்தினர் முன் அவனைச் 'சோம்பேறி' என்று ஏசாதீர்கள். அவமானப்பட்டவன் கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் அதிகமாக விளையாடுவான். மேற்கண்ட அறிகுறிகள் நீடித்தால் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வோ பதற்றமோ உடனிருக்கிறதா என்றும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.