பழைய டியூப் லைட் எரியலையா? சோக், ஸ்டார்ட்டர்னு வாங்கிக் குவிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

டியூப் லைட் எரியலன்னதும் முக்காவாசிப் பேர் பண்றது ஒண்ணே ஒண்ணு தான். ஸ்டூலைப் போட்டு ஏறி ஸ்டார்ட்டரை ஒரு திருகு திருகுவாங்க, அதுக்கும் மசியலன்னா டியூபை ரெண்டு தட்டு, அதுக்கப்புறம் கடைக்கு ஓடி முதல்ல ஸ்டார்ட்டர், அப்புறம் டியூப், அப்புறம் சோக்னு வரிசையா வாங்கி மாட்டிப் பாக்குறது. சில சமயம் எரிஞ்சும் தொலைச்சுடும், அதனாலயே இந்தப் பழக்கம் விட்டுப் போக மாட்டேங்குது. ஆனா பழைய சோக் செட் அளவுக்குத் தன்னோட கோளாறை வெளிப்படையா காட்டுற சாமான் வீட்டுல வேற இல்லன்னு தான் சொல்வேன். கீழ நின்னு அரை நிமிஷம் கவனிச்சாலே எது போச்சுன்னு பாதி தெரிஞ்சிடும், அதைப் பாக்காம பொருளை மாத்துறது தான் முதல் தப்பு.

எப்படி எரியுதுன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் சுலபம். சுவிட்ச் போட்டதும் கரண்ட் நேரா டியூபுக்குள்ள பாயாது. சோக் (செம்புக்கம்பி சுத்தின கனமான கட்டை), ஒரு பக்க ஃபிலமென்ட் (டியூப் முனைக்குள்ள இருக்கிற சுருள் கம்பி), ஸ்டார்ட்டர், மறுபக்க ஃபிலமென்ட்னு ஒரே வரிசையில சுத்தி வரும். ஸ்டார்ட்டர் மூடியைக் கழட்டினா உள்ள ஒரு குட்டி கண்ணாடி பல்பும் அதுல ரெண்டு தகடும் இருக்கும், வாயு மினுங்குற சூட்டுல தகடு வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், ஒட்டினதும் டியூபோட ரெண்டு ஃபிலமென்டும் சூடாகும், அதே நேரம் மினுங்கல் நின்னுடறதால தகடு ஆறிப் பிரியும், பிரியுற அந்த நொடியில சோக் பல நூறு வோல்ட்டுக்கு ஒரு உதை குடுக்கும், அதுல டியூப் பத்திக்கும். 230 வோல்ட் லைன்ல 4 அடி டியூப் எரிய ஆரம்பிச்சதும் அதோட ரெண்டு முனைக்கும் நடுவுல நிக்கிறது சுமாரா 100 வோல்ட் தான், ஸ்டார்ட்டர் மறுபடி மினுங்க அது பத்தாது. அதாவது ஸ்டார்ட்டருக்கு வேலை முதல் ரெண்டு மூணு செகண்ட் மட்டும். அதனால எரிஞ்சிட்டு இருந்த லைட் நடுவுல வெளிச்சம் கம்மியாச்சு, மஞ்சளாச்சுன்னு ஸ்டார்ட்டரை மாத்துறதுல ஒரு புண்ணியமும் இல்ல.

இப்ப சுவிட்சைப் போட்டுட்டு கீழ நின்னு பாருங்க. ரெண்டு முனையும் ஆரஞ்சா கனிஞ்சு நிக்குது, நடுவுல இருட்டா இருக்குன்னா டியூப் போச்சுன்னு நினைச்சு புதுசு வாங்கிடாதீங்க, அது கிட்டத்தட்ட எப்பவும் ஸ்டார்ட்டர் கோளாறு தான். உள்ள தகடு ஒட்டிக்கிட்டு பிரியாம நிக்கும், இல்லன்னா கூட இருக்கிற சின்ன கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கும். அந்த கண்டென்சர் ரேடியோவுல கரகரன்னு சத்தம் வராம இருக்க வெச்சது, பழைய எலக்ட்ரீஷியன்கள் அதை மட்டும் வெட்டி விட்டு அதே ஸ்டார்ட்டரை ஓட்டிடுவாங்க. இதுல ஒரு விஷயம், அப்படி முனை கனிஞ்சபடியே நிக்கிற லைட்டை "இருக்கட்டும் நாளைக்குப் பாத்துக்கலாம்"னு ஆன்லயே விட்டுடாதீங்க, அந்த நிலைமையில சோக் வழியா ஓடுற கரண்ட் சாதாரணமா எரியும்போது ஓடுறதை விட ஜாஸ்தி. டியூபோட ஆயுசும் குறையும், சோக்கும் சூடாகும்.

பளிச் பளிச்னு விட்டு விட்டு அடிச்சிட்டே இருக்கு, நிலைக்க மாட்டேங்குதுன்னா முனைகளைப் பாருங்க. கன்னங்கரேல்னு அகலமா கறுத்திருந்தா டியூபுக்கு வயசாச்சு, ஃபிலமென்ட் மேல பூசின பூச்சு உதிர்ந்து கண்ணாடியில அப்பிக்கிட்டது தான் அந்தக் கறுப்பு, துடைச்சாலும் போகாது ஏன்னா அது உள்பக்கம். லேசான சாம்பல் நிறம் இருந்தா பயப்பட வேண்டாம், அது எல்லா டியூபுக்கும் வரும். முனை சுத்தமா இருந்தும் அடிச்சிக்கிட்டே இருந்தா ஸ்டார்ட்டர் வலு இழந்திருக்கலாம், இல்ல சாயங்காலம் வோல்ட்டேஜ் இறங்குற நேரமா இருக்கலாம், மத்த நேரத்துல நல்லா எரிஞ்சா லைட் மேல பழி போடாதீங்க. புது டியூப் மாட்டினதும் வெளிச்சம் பாம்பு மாதிரி நெளியுதுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறவங்களும் உண்டு, சில மணி நேரம் தொடர்ந்து எரிய விட்டா பெரும்பாலும் அடங்கிடும்.

ஒரு அசைவும் இல்லன்னா? முதல்ல ஹோல்டர். டியூபைப் பிடிச்சு மெதுவா கால் சுத்து சுத்தி சரியா உக்கார வைங்க, பின் ஒரு பக்கம் நழுவி நிக்கிறது தான் நிறைய வீட்ல காரணம். வெளிய எடுத்துப் பாத்தா பித்தளைப் பின் மேல பழுப்பா படிஞ்சிருக்கும், உப்புத்தாள்ல ரெண்டு இழு இழுத்தா பளபளன்னு ஆயிடும். ஹோல்டர் பிளாஸ்டிக் மஞ்சளாகி தொட்டா பொடியுது, உள்ள தகடு கரிஞ்சு கறுத்திருக்குன்னா சுரண்டி வெச்சு ஓட்டாதீங்க, அது மறுபடி தீப்பொறி அடிக்கும். ஹோல்டர் தான் இந்த செட்டுலயே மலிவான பாகம், ஆனா ஆளுங்க சோக்கைக் கூட மாத்துவாங்க ஹோல்டரை மாத்த மாட்டாங்க, ஏன்னே புரியல.

சரி ஏறி கை வைக்கிற கட்டம் வந்தாச்சு. இங்க எல்லாரும் பண்ற பெரிய தப்பு சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணிட்டு ஒயரைத் தொடுறது. பழைய வயரிங்ல சுவிட்சு ஃபேஸ்ல (கரண்ட் வர்ற ஒயர்) இல்லாம நியூட்ரல்ல (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) போயிருக்கலாம், அப்ப சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர் வரைக்கும் ஃபேஸ் வந்து நிக்கும். ஆஃப் பண்ணின பிறகும் இருட்டுல டியூப் மங்கலா மினுங்குதுன்னா இதைத் தான் முதல்ல சந்தேகப்படணும். அதனால மெயின் போர்டுல அந்த லைனுக்கான எம்சிபி சுவிட்சை இறக்குங்க, இல்ல மெயினையே ஆஃப் பண்ணுங்க. அப்புறம் டெஸ்டர். டெஸ்டர் எரியலன்னா கரண்ட் இல்லன்னு உடனே நம்பிடாதீங்க, உலர்ந்த மர ஸ்டூல் மேல ரப்பர் செருப்போட நின்னா அது சரியா மின்னாமலும் போகலாம், டெஸ்டரே கெட்டும் போயிருக்கலாம். மெயினை இறக்குறதுக்கு முன்னாடி கரண்ட் இருக்குன்னு தெரிஞ்ச பிளக்ல ஒரு தடவை வெச்சுப் பாருங்க, வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச பிறகு தான் இங்க வைக்கணும். சில செட்டுல, டியூபும் சோக்கும் மாட்டியிருக்கிற தகரப் பட்டிக்குள்ள உருளையா ஒரு கண்டென்சர் தனியா இருக்கும், மெயின் ஆஃப் ஆனாலும் அதுல கொஞ்ச நேரம் சார்ஜ் நிக்கும், அதோட முனையை வெறும் கையால தொடாதீங்க.

மல்டிமீட்டர் இருந்தா வேலை சுத்தமா முடியும். டியூபோட ஒரு பக்கத்து ரெண்டு பின்னுக்கும் நடுவுல வைங்க, சில ஓம் (மின்தடையோட அளவு) காட்டணும், மறுபக்கமும் அதே மாதிரி. ஏதாவது ஒரு பக்கம் ஒண்ணுமே காட்டலன்னா ஃபிலமென்ட் அறுந்துடுச்சு. ஆனா ரெண்டு பக்கமும் காட்டிடுச்சுன்னு டியூப் நல்லதுன்னு சர்டிஃபிகேட் குடுத்துடாதீங்க, பூச்சு உதிர்ந்த டியூபும் மீட்டர்ல நல்லாவே காட்டும், எரியத்தான் எரியாது. சோக்கும் அப்படித்தான். 4 அடி லைட்டோட பழைய செம்புக்கம்பி சோக்குன்னா சில பத்து ஓம் காட்டும், ஒண்ணுமே காட்டலன்னா உள்ள அறுந்திருக்கு, அது நிச்சயம். உள்ள இருக்கிற கம்பிச் சுத்துகள்ல பாதி ஒண்ணோட ஒண்ணு பட்டு ஷார்ட் ஆன சோக்கை மட்டும் மீட்டர்ல கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

அந்த ஷார்ட் ஆன சோக் தான் காசை ரொம்பக் கரைக்குறது. புது டியூப் மாட்டி சுவிட்ச் போட்டதும் ஒரு செகண்ட் பளீர்னு அடிச்சு ரெண்டு பக்க ஃபிலமென்டும் ஒண்ணா போயிடும், ஆளு உடனே "டியூப் டுபாக்கூர்"னு சொல்லி இன்னொண்ணு வாங்கிட்டு வந்து மாட்டுவாரு, அதுவும் போகும். சோக்குக்கு உதை குடுக்கிறது மட்டும் வேலை இல்ல, எரியும்போது கரண்டை அளவோட வெச்சிருக்கிறதும் அது தான், அது கை விட்டா டியூப் எத்தனை மாட்டினாலும் தாங்காது. அதனால புது டியூப் மாட்டின உடனே போச்சுன்னா அடுத்த டியூபை அதே செட்டுல மாட்டாதீங்க, முதல்ல சோக். சோக்குல இருந்து தார் மாதிரி ஒழுகியிருந்தாலோ, கருகின வாசனை வந்தாலோ சோதனையே வேண்டாம், தூக்கிப் போடுங்க. வெறும் ம்ம்ம்னு ரீங்காரம் மட்டும் வந்தா அவ்வளவு பயம் இல்ல, சோக்குக்குள்ள இருக்கிற இரும்புத் தகடு லூசாகியிருக்கும், இல்ல ஸ்க்ரூ தளர்ந்து பட்டி அதிரும், ஸ்க்ரூவை இறுக்கினாலே பாதி சத்தம் போயிடும்.

வாட்ஸ் பொருத்தம் பாக்காம மாட்டுறது இன்னொரு தப்பு. 40 வாட்ஸ் தடி டியூப், அதாவது 38 மில்லிமீட்டர் விட்டம் இருக்கிற டி12, அதுக்குப் பதிலா 26 மில்லிமீட்டர் டி8, 36 வாட்ஸ் மாட்டலாம், அதே சோக்குல ஓடும், அப்படித்தான் அதை வடிவமைச்சாங்க. 16 மில்லிமீட்டர் டி5 நீளமே வேற, சோக்கும் வேற. 4 அடிக்கான சோக்குல 2 அடி டியூபை ஒட்டு வேலை பண்ணி எரிய விட்டா தேவைக்கு மேல கரண்ட் பாயும், சீக்கிரம் கறுத்துடும். ஸ்டார்ட்டர்லயும் எழுதியிருக்கும், 4-65 வாட்ஸ்னு போட்டது தனி டியூபுக்கு, 4-22 வாட்ஸ்னு இருக்கிறது ஒரே சோக்குல ரெண்டு சின்ன டியூப் வரிசையா எரியிற செட்டுக்கு. அதைப் படிக்காம மாத்திப் போட்டா எரியவே முரண்டு பிடிக்கும்.

எலக்ட்ரானிக் சோக்னா கதையே வேற, ஸ்டார்ட்டர் கிடையாது. பழைய சோக்கை எடுத்துட்டு எலக்ட்ரானிக் சோக் போடுறவங்க ஸ்டார்ட்டர் ஒயரை அப்படியே விட்டுடுவாங்க, அது தப்பு, சோக் மேல ஒட்டியிருக்கிற படத்துல காட்டின மாதிரியே பின்னுக்கு ஒயர் போகணும். அறுந்த ஃபிலமென்டுக்கு ரெண்டு பின்னையும் ஒயரால இணைச்சு "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்"ங்கிற பழைய தந்திரத்தை இதுல பண்ணவே பண்ணாதீங்க, முனை சூடேறி ஹோல்டர் உருகும்.

எடுத்த டியூபை மூலையில சாத்தி வைக்கிறதும் உண்டு, எப்பவாவது சரிஞ்சு உடையும். உள்ள சில மில்லிகிராம் பாதரசம் இருக்கு. உடைஞ்சா ஜன்னலைத் திறந்துட்டு பத்து நிமிஷம் எல்லாரும் வெளிய வந்துடுங்க, விளக்குமாறோ வேக்குவம் கிளீனரோ வேண்டாம், அது பொடியைப் பரப்பி விடும். கெட்டி அட்டையால அள்ளி, மிச்சத்தை ஒட்டுற டேப்பால எடுத்து, கவர்ல போட்டுக் கட்டுங்க. 2023-ல பாதரசத்துக்கான மினமாட்டா ஒப்பந்த மாநாட்டுல இந்த டியூப்களோட தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள்ள நிறுத்துறதுன்னு முடிவாயிருக்கு, அதனால பழைய செட்டுக்கு சோக், டியூப் ரெண்டும் மாத்த வேண்டி வந்தா நேரா எல்இடிக்குப் போறது தான் புத்திசாலித்தனம்.

ஆனா எல்இடி டியூப்ல ஒரு குழப்பம் இருக்கு. சிலது பழைய சோக்கை வெச்சுக்கிட்டே ஓடும், கூடவே வர்ற எல்இடி ஸ்டார்ட்டரை மட்டும் போடணும். சிலதுக்கு சோக்கைக் கழட்டி நேரா லைன் குடுக்கணும், அதுலயும் ஒரு பக்கமே ஃபேஸும் நியூட்ரலும் கேக்குறது உண்டு, ரெண்டு பக்கமும் பிரிச்சு கேக்குறதும் உண்டு. ரெண்டு பக்க ரகத்துல கரண்ட் ஆன்ல வெச்சு ஒரு முனையை மாட்டிட்டு மறுமுனைப் பின்னைப் பிடிச்சா ஷாக் அடிக்க வாய்ப்பு இருக்கு, அதனால மெயின் ஆஃப் பண்ணாம மாட்டாதீங்க. சோக்கை எடுத்துட்டு நேர் லைன் குடுத்திருந்தா பட்டி மேல "எல்இடி மட்டும், சோக் இல்லை"ன்னு மார்க்கர்ல பெருசா எழுதி வைங்க, ஏன்னா நாளைக்கு வேற யாராவது ஏறி, ஹோல்டர் ஒரே மாதிரி இருக்கேன்னு பழைய டியூபை அதுல மாட்டிடுவாங்க.