மறதி நோய் வந்தவர்கள் கேட் தாண்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் 11 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். டிமென்ஷியா வந்தவர்களின் வார்டு என் பொறுப்பு. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்துவிடுவேன். யார் எழுந்து வாசல் பக்கம் போனார், எத்தனை மணிக்கு, போகும்போது என்ன சொன்னார் என்று எழுத வேண்டும். ஒரு வாரம் விடாமல் எழுதினால், எதைத் தேடிப் போகிறார் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

எங்களிடம் ஒரு ஐயா. தினமும் மதியம் 3 மணி ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடுவார். மறித்தால் கை ஓங்குவார். நோட்டோடு போய் மகளிடம் கேட்டோம். நூல் மில்லில் வேலை பார்த்தவராம், மூன்றரை மணி ஷிஃப்ட். இப்போது 2.45க்கே ஒருவர் போய், "ஏனுங்கய்யா, ஷிஃப்டுக்கு நேரமாச்சுங்களா? ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம் வாங்க" என்பார். டீ முடிந்ததும் மடியில் சிக்கு விழுந்த நூல்கண்டை வைப்போம். அறுந்த நுனிகள் இரண்டையும் விரலுக்கு நடுவில் வைத்து ஒரு உருட்டு உருட்டுவார். ஒட்டுப் போட்ட இடம் நம் கண்ணுக்குத் தெரியாது. 5 மணி வரை கேட் நினைப்பே வராது.

எல்லோருக்கும் இப்படிப் பெரிய காரணம் இருக்காது. மூத்திரம் முட்டியிருக்கும், பசிக்கும், மூட்டு வலிக்கும். சொல்லத் தெரியாமல் எழுந்து நடப்பார்கள். பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து உள்ளே விளக்கு எரிய விடுங்கள். பொழுது சாயும்போது பதற்றம் கூடும், அதனால் இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். செருப்பு, குடை, கைப்பை கண்ணில் படக் கூடாது. வெளிக்கதவுக்குச் சுவரின் நிறத்தையே அடித்து, மேலே ஒரு மணி கட்டுங்கள். "வீட்டுக்குப் போகணும்" என்றால், "இதுதான் உங்க வீடு" என்று வாதாடாதீர்கள். அந்த வீட்டுத் திண்ணையைப் பற்றிக் கேளுங்கள், கேட்டுக்கொண்டே கூட நடங்கள்.

கட்டிப் போடுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அறைக்குள் வைத்து வெளியே பூட்டினாலும் அதே ஆபத்துதான்.

இவ்வளவு செய்தும் ஒருவரைக் காணோம் என்றால், முதலில் கிணறு, தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி, ரோடு. 15 நிமிஷத்துக்குள் கிடைக்காவிட்டால் 100க்கு அடித்துவிடுங்கள். அவர் முன்பு குடியிருந்த தெருவுக்கும் ஒரு ஆளை அனுப்புங்கள்.

ஒரு தடவை ஒரு அம்மாவைக் காணவில்லை. என்ன நிறச் சேலை என்று போலீஸ்காரர் கேட்டார். காலையில் நான்தான் கட்டிவிட்டேன், ஆனாலும் வாயில் பதில் வரவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார், கிடைத்துவிட்டார். மறுநாளிலிருந்து, காலைக் குளியல் முடிந்ததும் ஒவ்வொருவரையும் அன்றைக்கு உடுத்திய துணியோடு வார்டு செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுகிறோம்.