ஸ்ப்ளின்டர்லேண்ட்ஸ் புதுசா ஆடப்போறீங்களா? பணம் போடுறதுக்கு முன்னாடி ஆட்டத்த கத்துக்கங்க

பிளாக்செயின்ல ஓடுற கார்டு கேம்ல எத மொதல்ல ஆடலாம்னு யார் கேட்டாலும் நான் ஸ்ப்ளின்டர்லேண்ட்ஸ்னுதான் சொல்வேன். ப்ரவுசர்லயே ஓடும், பெரிய கம்ப்யூட்டர் வேணாம், ஒரு மேட்ச் சில நிமிஷத்துல முடிஞ்சிடும், முக்கியமா ஒவ்வொரு க்ளிக்குக்கும் கேஸ் ஃபீ, அதாவது பிளாக்செயின்ல பதிய வைக்கிற கட்டணம், கட்டுற தொல்லை இல்ல. 2018ல ஸ்டீம் மான்ஸ்டர்ஸ்ங்கிற பேர்ல ஸ்டீம் (Steem)னு ஒரு பிளாக்செயின்ல ஆரம்பிச்ச கேம் இது, ஆரம்பிச்சது ஜெஸ்ஸி ரைக், மேத்யூ ரோசன்னு ரெண்டு பேர். 2020ல ட்ரான் பிளாக்செயின ஆரம்பிச்ச ஜஸ்டின் சன், ஸ்டீம் செயின உருவாக்கின ஸ்டீமிட் கம்பெனிய வாங்கினதும் அங்க இருந்தவங்கள்ல பெரும்பகுதி பேர் ஒத்துக்காம பிரிஞ்சு போய் மார்ச் மாசம் ஹைவ்னு தனி செயின் ஆரம்பிச்சாங்க, அந்த வருஷமே இந்த கேமும் ஹைவ்க்கு மாறிடுச்சு. இந்த கதைய எதுக்கு சொல்றேன்னா, நீங்க இந்த கேம்ல சேந்தா உங்களுக்கு கிடைக்கப்போறது ஒரு ஹைவ் அக்கவுன்ட், அதோட கீ, அதாவது அத திறக்கிற ரகசிய கோடு எல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாம கார்டு வாங்கினா பின்னாடி கஷ்டம்.

ஆனா கீ பத்தி அப்புறம் பேசலாம், மொதல்ல ஆட்டம். மெயில் ஐடி குடுத்து உள்ள போனீங்கன்னா ஸ்டார்டர் கார்டு இருக்கும், அத வச்சே ப்ராக்டிஸ் பண்ணலாம். ஸ்டார்டர் கார்டு உங்க சொத்து இல்ல, விக்க முடியாது, ஆனா கத்துக்க அது தாராளமா போதும். நெறைய பேர் இந்த எடத்துலயே அவசரப்பட்டு கிரெடிட் கார்ட எடுத்து கார்டு பேக் வாங்கிடுறாங்க, வேணாங்க, ரெண்டு வாரமாவது சும்மா ஆடுங்க.

ஆட்டம் எப்படின்னா, டீமுக்கு தலைவர் மாதிரி ஒரு சம்மனர் கார்டு, அவருக்கு கீழ ஒண்ணுல இருந்து ஆறு மான்ஸ்டர் வரைக்கும். தீ, தண்ணி, மண், லைஃப், டெத், டிராகன்னு ஆறு ஸ்ப்ளின்டர், அதாவது கார்டு பிரிவு இருக்கு, சம்மனர் எந்த ஸ்ப்ளின்டரோ அந்த மான்ஸ்டர்தான் சேக்கலாம், கூட நியூட்ரல் கார்டு எல்லா டீம்லயும் சேரும். டிராகன் சம்மனர் எடுத்தா கூடவே இன்னொரு ஸ்ப்ளின்டரையும் சேத்துக்கலாம், அதனாலதான் அதுக்கு மவுசு. ஒவ்வொரு கார்டையும் இறக்க ஆகுற செலவுக்கு மானான்னு பேர், மேட்ச் ஆரம்பிக்கும்போது மானா வரம்பு ஒண்ணு குடுப்பாங்க, குறைஞ்சது 12, அதிகபட்சம் 99, சம்மனரோட மானாவும் அதுக்குள்ளதான் அடங்கணும். டீம் செட் பண்ணி அனுப்பிட்டா உங்க வேலை முடிஞ்சது, மீதிய கேமே ஆடி காட்டும். நடுவுல எதையும் மாத்த முடியாது, அதனால யோசனை எல்லாம் அந்த டீம் போடுற சில நிமிஷத்துலதான் இருக்கு. இன்னொரு நல்ல விஷயம், உங்க டீம் மொதல்ல மறைச்சு வச்ச ஒரு கோடாத்தான் செயினுக்கு போகும், ரெண்டு பேரும் அனுப்பின பிறகுதான் வெளிய தெரியும், அதனால எதிராளி உங்க டீம பாத்துட்டு போடுறாரோங்கிற சந்தேகம் வேணாம்.

இப்ப ஒவ்வொருத்தர எங்க நிறுத்துறதுன்னு பாப்போம், இதுலதான் புதுசா வர்றவங்க ரொம்ப தோக்குறாங்க. மீலி, அதாவது கிட்ட போய் அடிக்கிற கார்டு, முதல் எடத்துல இருந்தாதான் அடிக்கும். ரெண்டாவது எடத்துல ஒரு மீலி கார்ட சும்மா நிறுத்தினா முன்னாடி நிக்கிறவர் சாகுற வரைக்கும் அது வேடிக்கை பாக்கும். ரீச்ங்கிற எபிலிட்டி (தனித்திறமை) இருந்தா ரெண்டாவது எடத்துல இருந்து அடிக்கும், ஸ்னீக் இருந்தா எங்க நின்னாலும் எதிராளியோட கடைசி ஆள அடிக்கும், ஆப்பர்ச்சூனிட்டி இருந்தா யாருக்கு ஹெல்த் கம்மியோ அவங்கள தேடிப் போய் அடிக்கும். ரேஞ்ச்டு, அதாவது தூரத்துல இருந்து அடிக்கிற கார்டு இதுக்கு நேர் எதிர், முதல் எடத்துல நின்னா அதால அடிக்கவே முடியாது, அதுக்குன்னு தனி எபிலிட்டி இருந்தா தவிர. மேஜிக் கார்டு எங்க இருந்தும் அடிக்கும், ஆர்மர (கவசத்த) கண்டுக்காம அடி நேரா ஹெல்த்துல போய் விழும், சாதாரணமா குறி தப்பவும் தப்பாது. அதே மீலி, ரேஞ்ச்டு அடி எல்லாம் எதிராளி வேகமா இருந்தா தப்பிடும், ரெண்டு பேரோட ஸ்பீடுக்கும் எவ்வளவு வித்தியாசமோ ஒவ்வொரு புள்ளிக்கும் 10 சதவீதம் தப்ப வாய்ப்பு கூடும், எதிராளி பறக்கிற கார்டா இருந்து நீங்க பறக்காத கார்டா இருந்தா இன்னொரு 25 சதவீதம் சேரும். ஸ்பீடு யார் மொதல்ல அடிக்கிறதுன்னு மட்டும் முடிவு பண்ணுதுன்னு நெனச்சுட்டு ஆடுறவங்க நெறைய, அது அடி வாங்காம தப்பிக்கவும் உதவுது.

ஆர்மர் பத்தி ஒண்ணு சொல்லணும். ஒரு கார்டுக்கு 1 ஆர்மர்தான் இருக்கு, எதிராளி 5 அடிக்கிறார்னு வைங்க, அந்த 1 ஆர்மர் போயிடும், மீதி 4 ஹெல்த்துக்கு போகாது, அங்கேயே நின்னுடும், பியர்சிங் எபிலிட்டி இருந்தா மட்டும்தான் உள்ள இறங்கும். அதனால எல்லாருக்கும் 1 ஆர்மர் குடுக்கிற சம்மனர் பாக்க சாதாரணமா இருக்கும், உண்மையில ஆளுக்கொரு அடிய முழுசா தடுத்து குடுக்குது. கேயாஸ் லீஜன்னு ஒரு கார்டு எடிஷன்ல வந்த கேல்யா ஃப்ரென்டுல்னு ஒரு தண்ணி சம்மனர், 4 மானா, டீம் முழுக்க 1 ஸ்பீடு 1 ஆர்மர் ஏத்தும், அத எல்லாரும் ஏன் தூக்கி வச்சு கொண்டாடினாங்கன்னு இத புரிஞ்சுகிட்டாதான் புரியும். தீல டார்சா, மீலி அடியும் ஹெல்த்தும் ஏத்தும். டெத்ல தாடியஸ் ப்ரூட் நம்மளுக்கு எதுவும் குடுக்காது, எதிராளியோட மேஜிக்கையும் ஹெல்த்தையும் ஒண்ணொண்ணு குறைக்கும்.

இந்த கேம்ல எனக்கு ரொம்ப பிடிச்சது ரூல்செட்தான். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஒண்ணு ரெண்டு ரூல் மாறி மாறி வரும், நேத்து ஜெயிச்ச டீம் இன்னிக்கு ஒண்ணுக்கும் உதவாது. லாஸ்ட் மேஜிக் வந்தா மேஜிக் கார்டு கிடையாது, அப் க்ளோஸ் வந்தா மீலி மட்டும்தான், லிட்டில் லீக் வந்தா 4 மானாக்கு மேல எதையும் தொட முடியாது, எர்த்க்வேக் வந்தா ஒவ்வொரு ரவுண்டு முடிவுலயும் பறக்காத எல்லாருக்கும் 2 அடி விழும், ரிவர்ஸ் ஸ்பீடு வந்தா மெதுவா இருக்கிறவர் மொதல்ல அடிப்பார். அதனால டீம் போடுறப்ப மொதல்ல ரூல படிங்க, அப்புறம் மானா, அப்புறம் எந்த ஸ்ப்ளின்டர் கிடைச்சிருக்குன்னு பாருங்க, அதுக்கப்புறம்தான் பிடிச்ச கார்டு. டேங்க், அதாவது நெறைய அடி தாங்குற ஒருத்தர முதல்ல நிறுத்தி, அவருக்கு பின்னாடி டேங்க் ஹீல் பண்றவரோ ஆர்மர் ரிப்பேர் பண்றவரோ வச்சு, கடைசி எடத்துல ஸ்னீக் அடிய தாங்குற மாதிரி கொஞ்சம் ஹெல்த் உள்ள கார்டோ கிட்ட வந்து அடிச்சவருக்கே திருப்பி அடி குடுக்கிற தார்ன்ஸ் உள்ள கார்டோ வைங்க, ஆரம்பத்துக்கு இந்த அமைப்பு போதும். தோத்த மேட்ச்ச கண்டிப்பா திரும்ப பாருங்க. பேட்டில் ஹிஸ்டரி எல்லாமே திறந்து இருக்கு, மேல் மட்டமான சாம்பியன் லீக்ல ஆடுறவங்களோட மேட்ச்சையும் பாக்கலாம், அத மாதிரி வாத்தியார் வேற கிடையாது.

சரி, ரெண்டு வாரம் ஆடியாச்சு, பிடிச்சிருக்கு, இப்பதான் ஸ்பெல்புக், அதாவது முழு கேமையும் திறந்து விடுற பாஸ். பல வருஷமா விலை 10 டாலரா இருந்துச்சு. இது இல்லாம ரேங்க் ஆடி ரிவார்டு வாங்க முடியாது, இத வாங்கினதும்தான் உங்க பேர்ல ஹைவ் அக்கவுன்ட் வரும். அக்கவுன்ட் பேர் அப்புறம் மாத்த முடியாது, யோசிச்சு வைங்க.

இப்ப கீ விஷயம். ஹைவ்ல ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டும் அதுக்கு கீழ நாலு கீயும் இருக்கும். போஸ்டிங் கீ ஆடுறதுக்கு, லாகின் பண்றதுக்கு. ஆக்டிவ் கீ பணம், கார்டு அனுப்புறதுக்கு. மெமோ கீ ரகசிய மெசேஜ் படிக்க. ஓனர் கீ இருக்கிறதுலயே பெருசு, மத்த கீ எல்லாத்தையும் அத வச்சு மாத்திடலாம். இந்த பிரிவு ரொம்ப நல்ல ஏற்பாடு, ஏன்னா போஸ்டிங் கீ வெளிய போனாலும் உங்க டோக்கன தூக்க முடியாது. ஹைவ் கீசெயின்னு ஒரு ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கு, அதுல போஸ்டிங், ஆக்டிவ் ரெண்டையும் மட்டும் வைங்க. ஓனர் கீயும் மாஸ்டர் பாஸ்வேர்டும் பேப்பர்ல எழுதி பத்திரமான ரெண்டு எடத்துல வைங்க, வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பிக்கிறது, போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறது ரெண்டும் வேணாம். பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு அமுக்கினா ஹைவ்ல யாரும் புதுசு அனுப்ப மாட்டாங்க. ஓனர் கீய யாராவது திருடி மாத்திட்டா 30 நாளைக்குள்ள ரெக்கவரி அக்கவுன்ட், அதாவது மீட்க உதவுறதுக்குன்னு குறிச்சு வச்ச இன்னொரு அக்கவுன்ட் மூலமா மீட்க வழி இருக்கு, அதுக்கும் பழைய கீ உங்க கையில இருக்கணும். டிஸ்கார்டுல சப்போர்ட்னு பேர் வச்சுகிட்டு தனி மெசேஜ்ல வந்து ஆக்டிவ் கீ கேட்டா அது திருடன், வேற யோசனையே வேணாம், ப்ளாக் பண்ணுங்க.

அடுத்து கார்டு. பேக் வாங்காதீங்கன்னு அழுத்தமாவே சொல்றேன். ஒரு பேக்ல 5 கார்டு, அதுல ஒண்ணாவது ரேர்ங்கிற அரிய வகையோ அதுக்கு மேலயோ வரும்னு மட்டும் உறுதி, மீதி எது வரும்னு தெரியாது, புதுசா வர்றவருக்கு வேண்டியது குறிப்பிட்ட சில கார்டுதான். அத மார்க்கெட்ல ஒத்தையா வாங்குறதுதான் பெரும்பாலும் மலிவு. அத விட மலிவு வாடகை. கார்ட ரென்ட் எடுக்கலாம், நாளுக்கு இவ்வளவு டிஇசின்னு குடுத்தா போதும், சீசன் ஒண்ணு கிட்டத்தட்ட 15 நாள், ஒரு சீசன் முழுக்க ஒரு சம்மனர ரென்ட் எடுத்து ஆடிப் பாத்துட்டு நமக்கு ஒத்து வருதான்னு முடிவு பண்ணுங்க. டிஇசிங்கிறது கேமுக்குள்ள ஓடுற டோக்கன், 1000 டிஇசி ஒரு டாலர்னு நெனச்சு உருவாக்கினது, ஆனா வெளி மார்க்கெட்ல அதுக்கு கீழயும் போகும், அதனால கடைக்குள்ள டாலர் குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி வெளிய என்ன விலைன்னு பாருங்க.

அதே மாதிரி லெவல். ஒரே கார்டு பல காப்பி சேத்து ஒண்ணாக்கினா லெவல் ஏறும். கேயாஸ் லீஜன் மாதிரி செட்ல ஒரு காமன் கார்டு கடைசி லெவல் 10க்கு போக 400 காப்பி வேணும், அத விட அரிதான ரேர், எபிக், லெஜண்டரி அதது கடைசி லெவலுக்கு போக 115, 46, 11. சேத்துட்டா திரும்ப பிரிக்கலாம்னு நம்பி இறங்காதீங்க. கீழ் லீக்ல கார்டு எந்த லெவல் வரைக்கும் வேலை செய்யும்னு வரம்பு இருக்கு, ப்ரான்ஸ் மாதிரி கீழ் லீக்ல ஆடிட்டு இருக்கும்போதே மேக்ஸ் கார்டு வாங்குறது வீண் செலவு. சம்மனர மட்டும் மொதல்ல ஏத்துங்க, சம்மனர் லெவல் கம்மியா இருந்தா கீழ இருக்கிற மான்ஸ்டரும் முழு லெவல்ல ஆடாது. ரெண்டு ஸ்ப்ளின்டர எடுத்து அத நல்லா கத்துக்கங்க, ஆறையும் ஒரே நேரத்துல சேக்க போனா காசும் போகும் கவனமும் சிதறும்.

இதுல சம்பாதிக்கலாமான்னு கேக்காதவங்களே கிடையாது. 2021ல எல்லாம் அப்படித்தான் பேசினாங்க. அந்த வருஷம் ஜூலைல வந்த இந்த கேமோட எஸ்பிஎஸ் டோக்கன் ஆரம்பத்துல ஒரு டாலர் பக்கம் போச்சு, 2024ல ஒரு சமயம் ஒரு சென்ட்டுக்கும் கீழ கிடந்துச்சு. அதே 2021 கடைசில கேயாஸ் லீஜன் பேக் ஒண்ணு நாலு டாலர்னு ப்ரீசேல் நடந்தப்ப வவுச்சர் இல்லாம வாங்கவே முடியாத அளவுக்கு கூட்டம், ஆனா அந்த செட்ல மொத்தம் 1.5 கோடி பேக், அதாவது 7.5 கோடி கார்டு. ஆடுறவங்க எண்ணிக்கை குறைஞ்சதும் அவ்வளவு கார்ட யார் வாங்குவா, விலை விழுந்துச்சு. பிளாக்செயின்ல இருக்கிறதால கார்டு அரிதாயிடாது, எத்தன அச்சடிச்சாங்க, எத்தன பேர் ஆடுறாங்க, இது ரெண்டுதான் விலைய முடிவு பண்ணும். ஆக்ஸி இன்ஃபினிட்டின்னு இன்னொரு பிளாக்செயின் கேமோட கதை இன்னும் மோசம், பிலிப்பைன்ஸ்ல குடும்பமே அத நம்பி இருந்தாங்க, அதுல ஆடி சம்பாதிக்கிற எஸ்எல்பி டோக்கன் விழுந்ததும் வருமானம் போச்சு, 2022 மார்ச்ல அந்த கேமோட செயினுக்கு பணம் கொண்டுபோற ரோனின் பிரிட்ஜ் ஹேக்ல 60 கோடி டாலருக்கு மேல களவு போச்சு. அதனால ஒரு புது கேம் வாங்கினா எவ்வளவு செலவு பண்ணுவீங்களோ அத மட்டும் போடுங்க, திரும்ப வரும்னு கணக்கு போடாதீங்க, கடன் வாங்கி போடவே போடாதீங்க.

இந்தியால இருக்கிறவங்களுக்கு வரி கணக்கும் இருக்கு. 2022 ஏப்ரல்ல இருந்து கிரிப்டோ, என்எஃப்டி (இந்த கார்டு மாதிரி பிளாக்செயின் சொத்து) லாபத்துக்கு நேரா 30 சதவீதம் வரி, மேல செஸ், 2022 ஜூலைல இருந்து 1 சதவீதம் டிடிஎஸ். ஒரு கார்டுல நஷ்டம் வந்தா இன்னொண்ணோட லாபத்துல அத கழிக்க முடியாது. ஒரு டோக்கன குடுத்து இன்னொரு டோக்கன் வாங்கினாலும் அது வித்ததாத்தான் கணக்கு. 2025ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி பணம் ஜெயிக்கிற ஆட்டங்கள தடை பண்ணியிருக்கு, அதனால என்ட்ரி ஃபீஸ் வாங்குற டோர்னமென்ட் பக்கம் போக வேணாம். முதல் கார்டு வாங்குற அன்னிக்கே ஒரு ஷீட் ஆரம்பிச்சு தேதி, கார்டு பேர், குடுத்த டோக்கன், அன்னிக்கு ரூபாய் மதிப்பு நாலையும் எழுதிட்டே வாங்க, மார்ச் மாசம் உக்காந்து பழைய ட்ரான்சாக்ஷன் ஒவ்வொண்ணா தோண்டுறது பெரிய வேலை.