அம்பாசடர் கதவின் உள்பலகை: என் அனுபவம்

செங்கோட்டையில் ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வந்துவிடும். என் பழைய அம்பாசடர் காரில் கதவின் உள்பக்க ரெக்சின் உறை நன்றாகவே இருந்தது; அதன் பின்னால் இருந்த ஹார்ட்போர்டுதான் ஊறி, அப்பளமாய் நெளிந்து, கிளிப் துளைகள் பிய்ந்துவிட்டன.

ரெக்சினை லேசாகச் சூடாக்கி உரித்தேன். பழைய பலகையையே அச்சாக வைத்து 3 மி.மீ. மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) வெட்டி, ஓரங்களிலும் துளைகளிலும் வார்னிஷ் அடித்தேன். ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான். அப்புறம் பலகையிலும் ரெக்சினிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தினேன்.

பலகையைவிட முக்கியம் கதவுதான். கண்ணாடியோரம் இறங்கும் மழைநீர் அடித்துளைகள் வழியே வெளியேற வேண்டும். அவற்றில் அடைத்திருந்த சேற்றைக் கம்பியால் குத்தி எடுத்தேன். கதவின் உள்தகட்டின் மேல் கனமான பாலித்தீன் ஒட்டி, அதன் அடிவிளிம்பைக் கதவுக்குள் செருகினேன். இந்தச் சாரலில் பலகை காய்ந்தே இருக்கிறது.